வந்துட்டானா, வந்துட்டாளா

அந்த நாற்பத்தேழு நொடி டீசரைக் கோகிலவாணி பார்த்தது மேற்குத் தாம்பரத்தில், அவள் வேலை செய்யும் காதுக் கருவிக் கடையில், மதியச் சாப்பாட்டு நேரத்தில். பார்த்தாள் என்பதைவிடக் கேட்டாள் என்பதுதான் சரி. திரையில் பார்க்க ஒன்றும் இல்லை. இருட்டு, கடல், கரையில் கவிழ்த்துப் போட்ட படகு. படகில் சாய்ந்து நிற்கும் ஒரு கிழவர் அலையைப் பார்த்து ஒரே ஒரு வரி சொல்கிறார்.

"திரும்பி வந்துட்டா."

கோகிலா டிபன் பாக்ஸை மூடி வைத்துவிட்டு மறுபடி ஓடவிட்டாள். 'வந்துட்டா'தான். 'வந்துட்டான்' இல்லை.

வந்தது யார் என்று சொல்ல வேண்டும். 1993-ல் 'கருங்கொடுக்கன்' என்று ஒரு படம் வந்தது. மூன்று மாடி உயரக் கறுப்பு நண்டு ஒன்று கோவளத்தில் கரையேறி, வழியில் அகப்பட்டதையெல்லாம் துவம்சம் செய்துகொண்டு நகரத்துக்குள் வரும் கதை. நண்டு வேஷத்துக்குள் ஆட்கள் இருந்தார்கள். ஒரு காட்சியில் வெள்ளைக் கேன்வாஸ் ஷூ நன்றாகவே தெரியும். தியேட்டரில் ஒரு வாரம்கூடத் தாக்குப்பிடிக்காத படம், பிறகு டிவியில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் போட்டுப் போட்டே ஒரு கூட்டத்தைச் சேர்த்துவிட்டது. முப்பத்திரண்டு வருடம் கழித்து இப்போது அதையே புதிதாக எடுக்கிறார்கள்.

நண்டு ஆணா பெண்ணா என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. பேரே கருங்கொடுக்கன் என்பதால் எல்லோருக்கும் அவன்தான்.

கோகிலாவின் வேலையே கேட்பது. ஒன்பது வருடமாக, வாயை ஒரு அட்டையால் மறைத்துக்கொண்டு 'கண்', 'கல்', 'மண்', 'மரம்' என்று வார்த்தை வார்த்தையாகச் சொல்வாள். எதிரே உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் திருப்பிச் சொல்ல வேண்டும். பலபேர் வார்த்தையின் வாலைத்தான் கோட்டை விடுவார்கள். அந்த வாலைப் பிடிப்பதுதான் அவளுக்குச் சோறு போடுகிறது. எழுதும்போது 'வந்துவிட்டான்', 'வந்துவிட்டாள்' என்று பளிச்சென்று இருக்கும். பேசும்போது பெண்ணென்றால் 'வந்துட்டா'. ஆணென்றாலும் அதே 'வந்துட்டா'தான், ஆனால் கடைசியில் மூக்கில் ஒரு சின்ன முனகல் ஒட்டிக்கொள்ளும். கிழவரின் வாயில் அந்த முனகல் இல்லை. கீழே ஓடிய ஆங்கில வரியில் 'இட்' என்று போட்டு நழுவிவிட்டார்கள்.

அன்று சாயங்காலமே வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். 'கருங்கொடுக்கன் ரசிகர் வட்டம்' என்ற அந்தக் குழுவில் தாம்பரம், பம்மல், பள்ளிக்கரணை பக்கத்து ஆட்கள் இருநூற்றுப் பன்னிரண்டு பேர். இந்தத் தடவை ஆள் வேஷமா கிராஃபிக்ஸா, பழைய உடுக்கைச் சத்தம் இருக்குமா, நண்டு தாம்பரம் மேம்பாலத்தில் ஏறுமா என்று மூன்று மாதமாக ஓடிக்கொண்டிருந்த பேச்சு அவள் செய்தியோடு நின்றது.

"கருங்கொடுக்கன் பொண்ணு. டீசரை ஹெட்போன் போட்டுக் கேளுங்க. அவ முட்டையிடத்தான் கரைக்கு வர்றா."

முதலில் பாய்ந்தவர் மோகன்ராஜ். பம்மலில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருப்பவர்.

"கோகிலா, பேர்லயே 'ன்' இருக்கும்மா. கொடுக்க*ன்*. அப்புறம் எப்படிப் பொண்ணு?"

"மீன்லயும் 'ன்' இருக்குண்ணா. எல்லா மீனும் ஆம்பளையா?"

சிரிப்புப் பொம்மைகளாகக் கொட்டின. மோகன்ராஜ் விடவில்லை. "கடையில இருக்கற மிஷினை முதல்ல உன் காதுல மாட்டு" என்று எழுதினார். அதற்கும் சிரிப்புப் பொம்மைகள் வந்தன, முன்னதைவிட அதிகமாகவே.

கோகிலாவுக்குச் சிரிப்பு புதிதில்லை. அம்மா முத்தாலம்மாள் கோவளம் குப்பத்தில் பிறந்து பள்ளிக்கரணையில் வாழ்க்கைப்பட்டவள். மேடவாக்கம் ரோட்டோரம் மீனும் நண்டும் விற்றுப் பிள்ளைகளை வளர்த்தவள். அண்ணன் கோபு ஒன்பதாவதோடு நின்று லோடு வண்டிக்குப் போனான். கோகிலா படித்தாள். நாலாவது படிக்கும்போது வகுப்பில் அவள் பேரே 'நண்டு'. அவள் உட்கார்ந்தால் பக்கத்துப் பெஞ்சுக்காரி மூக்கைப் பொத்துவாள். அந்த வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை டிவியில் படம் வந்தது. மறுநாள் காலை அவள் வகுப்பு வாசலிலிருந்து தன் இடம்வரை, இரண்டு கைகளையும் கொடுக்குபோல் தூக்கி வைத்துக்கொண்டு, பக்கவாட்டிலேயே நடந்து போனாள். ஒருத்தரும் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகும் நண்டு என்றுதான் கூப்பிட்டார்கள். ஆனால் கொஞ்சம் தள்ளி நின்று கூப்பிட்டார்கள்.

வட்டத்தில் அவள் சேர்ந்து பதினோரு வருடம். பழைய படத்தில் நண்டுக்குச் சில காட்சிகளில் எட்டுக் கால், சில காட்சிகளில் பத்துக் கால் என்று எண்ணிச் சொன்னது அவள்தான். 'பத்துக் கால் மர்மம்' என்று அது ஒரு சினிமாப் பக்கத்தில் வந்தபோது மோகன்ராஜின் பெயரில் வந்தது. "குரூப் விஷயம்தானேம்மா, யாரு பேர்ல வந்தா என்ன?" என்றார். அப்போது அவள் பேசாமல் இருந்துவிட்டாள். 

அதனால்தான் வட்டம் ஒரு மலர் போடுவதாக முடிவானதும் முதலில் கட்டுரை கொடுத்தது அவள். தலைப்பு, 'அவள் ஏன் திரும்பி வருகிறாள்'. நான்கு பக்கம். கீழே அவள் பெயர், அச்சில் முதல் தடவையாக.

மலர் அச்சுக்குப் போக எட்டு நாள் இருக்கும்போது படக் கம்பெனி போஸ்டர் விட்டது. வயிறு தெரிய நிமிர்ந்து எழும் நண்டு வானத்தை மறைத்துக்கொண்டு நிற்கிறது. குறுக்கே பெரிய எழுத்தில் 'அவன் வருகிறான்'.

குழுவில் வெடி வெடிக்காத குறை. வட்டத்தின் தலைவர் ஜெபசீலன் கிழக்குத் தாம்பரத்தில் கணக்கு டீச்சர், மெதுவாகப் பேசுகிறவர். அவரே போன் செய்தார்.

"கோகிலா, கம்பெனியே சொல்லிட்டாங்கம்மா. 'அவள்'னு இருக்கற இடத்தையெல்லாம் 'அவன்'னு மாத்திக் குடுத்துடுங்க. முட்டை விஷயம் மட்டும் எடுத்துடலாம். இல்லேன்னா கட்டுரையை விட்டுட்டுத்தான் அச்சுக்குப் போகணும்னு எல்லாரும் சொல்றாங்க. ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு நம்ம வீட்டு மாடியில கூட்டம். அங்க முடிவு சொல்லுங்க."

"மாத்த மாட்டேன் சார்."

"ஞாயித்துக்கிழமை சொல்லுங்கம்மா."

போனை வைத்துவிட்டுப் போஸ்டரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்த முத்தாலம்மாள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"இன்னாடி, பொட்ட நண்டைப் பார்த்துகினு குந்தினு கீற?"

கோகிலா திரும்பினாள். "பொட்டையா?"

"பின்ன? வயித்து மூடி எவ்ளோ அகலமா கீது பாரு. முட்டை கட்டுற வயிறு. ஆம்பளைன்னா கூராக் குச்சியாட்டம் இருக்கும். இதுகூடத் தெரியாமயா நண்டுக்காரி பொண்ணு?"

"கீழ 'வருகிறான்'னு போட்டுக்கிறாங்கம்மா."

"போட்டவன் நண்டு வாங்குனதே இல்ல போல."

ஞாயிற்றுக்கிழமை கோபு தன் வண்டியில் அவளைக் கொண்டுபோய் விட்டான். அவள் மடியில் கொடுக்குக் கட்டிய இரண்டு நண்டுகள், பாலிதீன் பையில். வேளச்சேரி மெயின் ரோடு முழுக்க அவன் ஒரே ஒரு கேள்விதான் கேட்டான்.

"ஒத்துக்கலேன்னா இன்னா பண்ணுவ?"

"எழுந்து வந்துடுவேன். மாத்திக் குடுக்க மாட்டேன்."

"அது போதும்" என்று சொல்லிவிட்டு வண்டியை ஓட்டினான்.

ஜெபசீலன் வீட்டு மாடியில் பதினாறு பேர் இருந்தார்கள். கீழே சமையலறையில் அவர் மனைவி சாராள் டீக்குத் தண்ணீர் வைத்திருந்தார். மலரை வடிவமைக்கும் ஆஸ்டின் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தான். கூட்டத்திலேயே சின்னவன், அவளை அக்கா என்று கூப்பிடுகிறவன்.

"அக்கா, ஒண்ணு சொல்லட்டுமா? அது 'வந்துவிட்டால்'னும் இருக்கலாம். 'திரும்பி வந்துட்டா...' என்ன ஆகும், அந்த மாதிரி."

நியாயமான கேள்வி. கோகிலாவே இரண்டு நாள் அதை யோசித்திருந்தாள். "அப்படின்னா குரல் மேல போய் நிக்கும் தம்பி, மிச்சத்தைச் சொல்லப்போற மாதிரி. இவர் குரல் கீழ எறங்குது. சொல்லி முடிச்சாச்சு. போட்டுப் பாரு."

ஆஸ்டின் பெரிய ஸ்பீக்கரில் இணைத்து, சத்தத்தை முழுக்க ஏற்றிப் போட்டான். அலை இரைந்தது. கிழவர் சொன்னார், "திரும்பி வந்துட்டா."

கீழேயிருந்து சாராளின் குரல் மாடிப்படி ஏறி வந்தது. "யாருங்க அவ? அவளுக்கும் சேத்து டீ போடணுமா?"

 மோகன்ராஜைத் தவிர அத்தனை பேரும் சிரித்தார்கள். ஜெபசீலன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "பதினாறு டீ போதும் சாராள்" என்று கத்தினார்.

"பதினேழு," என்றாள் கோகிலா. "என்னைக் கணக்குல விட்டுட்டீங்க சார்."

மோகன்ராஜ் மேஜையைத் தட்டினார். "காது ஏமாத்தும்மா. எழுத்து ஏமாத்துமா? போஸ்டர்ல கொட்டை எழுத்துல இருக்கு, 'அவன்'னு."

"எழுத்துக்கு மேல படமும் இருக்குண்ணா." கோகிலா பையை அவிழ்த்து, மேஜையில் விரித்திருந்த செய்தித்தாளின் மேல் நண்டு இரண்டையும் மல்லாத்தி வைத்தாள். பக்கத்தில் போனில் போஸ்டரைப் பெரிதாக்கி வைத்தாள். ஒரு நண்டின் வயிற்றில் கூர்முனையாக ஒடுங்கிய மூடி. இன்னொன்றில் கிண்ணத்தைக் கவிழ்த்ததுபோல் அகன்ற மூடி. போஸ்டரில் இருந்ததும் கவிழ்த்த கிண்ணம்தான். வரிகூட மாறவில்லை.

எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். டீத் தட்டோடு மேலே வந்த சாராளும் பார்த்தார்.

"இது பொம்பளை நண்டு. இதுலதான் சினை இருக்கும்" என்று சொல்லிவிட்டு டீயைக் கொடுக்கத் தொடங்கினார். எதைப் பற்றிய சண்டை என்பதே அவருக்குத் தெரியாது.

ஆஸ்டின்தான் தயங்கித் தயங்கிச் சொன்னான். "அக்கா, நான் இதே தொழில்ல இருக்கேன். படம் போட்டவருக்கு ஆண் நண்டு பெண் நண்டு தெரிஞ்சிருக்காது. நெட்ல கிடைச்ச ஏதோ ஒரு போட்டோவை வெச்சு வரைஞ்சிருப்பார்."

"இருக்கலாம்," என்றாள் கோகிலா. "கிழவருக்குக்கூட டப்பிங்ல முனகல் விட்டுப் போயிருக்கலாம். எனக்குத் தெரியாது. நான் கேட்டதை எழுதியிருக்கேன், போஸ்டர்லயும் அதையேதான் பார்த்தேன். அவங்களுக்குத் தெரியாததுக்காக நான் எதுக்குத் திருத்தணும்?"

"படம் வந்து 'அவன்'னு தெரிஞ்சா?" என்றார் மோகன்ராஜ்.

"அடுத்த மலர்ல 'நான் தப்பாக் கேட்டுட்டேன்'னு நானே எழுதுறேன். கீழ என் பேரைப் போட்டு எழுதுறேன். தப்புன்னாலும் அது என் தப்பா இருக்கணும். பத்துக் கால் மாதிரி வேற யாரு பேர்லயும் போகக் கூடாது."

மோகன்ராஜ் டீயைக் குனிந்து ஊதினார். நன்றாக ஆறின பிறகும் ஊதிக்கொண்டிருந்தார்.

ஜெபசீலன் தொண்டையைச் செருமினார். "சரி. கட்டுரை அப்படியே வரட்டும். ஆனா கீழ சின்னதா ஒரு வரி போட்டுடலாம், 'இது கட்டுரையாளரின் ஊகம் மட்டுமே'ன்னு. யாருக்கும் சங்கடம் இல்ல."

மூன்று நான்கு தலைகள் சட்டென்று ஆடின. எல்லோருக்கும் வீட்டுக்குப் போகலாம் என்ற நிம்மதி. கோகிலாவுக்கும் ஒரு கணம் சரி என்று சொல்லிவிடத்தான் தோன்றியது. அச்சில் பெயர் வருகிறது, ஒரு வார்த்தையும் மாறவில்லை, வேறென்ன வேண்டும்? ஆனால் பத்தொன்பது கட்டுரையில் தன்னுடையதற்கு மட்டும் அடியில் ஒரு வால் ஒட்டியிருப்பதை நினைத்துப் பார்த்தாள். பழைய பெஞ்சில் மூக்கைப் பொத்துவதும் அதுவும் ஒன்றாகவே இருந்தது.

"போடலாம் சார். எல்லாக் கட்டுரைக்கும் போடுங்க."

"எல்லாத்துக்குமா?"

"மேம்பாலத்துல ஏறும்னு மோகன்ராஜ் அண்ணன் ஆறு பக்கம் எழுதியிருக்கார். கம்பெனி சொல்லிச்சா? ஆள் வேஷம்தான்னு ஒருத்தர், உடுக்கைச் சத்தம் வரும்னு ஒருத்தர். படத்தை யாரு பார்த்தோம்? எல்லாமே ஊகம்தானே. எனக்கு மட்டும்னா கட்டுரையை இப்பவே குடுத்துடுங்க, எடுத்துக்கிட்டுப் போறேன்."

"ஏய், என்னுது ஆராய்ச்சிக் கட்டுரை!" என்று எழுந்தார் மோகன்ராஜ்.

"உக்காருங்க மோகன்," என்றார் ஜெபசீலன். கணக்கு டீச்சருக்கு இரண்டு பக்கமும் சமமாக இருந்தால் மறுக்க வராது. "அவங்க சொல்றது சரி. ஆஸ்டின், பத்தொன்பதுக்கும் போட்டுடு."

ஆஸ்டின் தட்டச்சு செய்ய ஆரம்பித்தான். ஒவ்வொரு கட்டுரைக்கு அடியிலும் அதே வரி ஏறிக்கொண்டு வந்தது. கடைசியில் நிமிர்ந்து பார்த்தான். "சார், முதல் பக்கத்துல உங்க தலைவர் உரை இருக்கே. அதுக்கு வேணாம்ல?"

ஜெபசீலன் கோகிலாவைப் பார்த்தார்.

"படம் நல்லா வரும்னு எழுதியிருக்கீங்களே சார்," என்றாள் அவள்.

ஜெபசீலன் லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பி அந்த உரையைப் படித்துப் பார்த்தார். பிறகு, "போடு தம்பி. இருக்கறதுலயே பெரிய ஊகம் அதுதான்" என்றார்.