சிங்கப்பூரில் ஹீட்டர் போட்டவள்

இந்த ஊரில் கார் ஹீட்டர் சரியில்லை என்று யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். முதலில் உங்கள் முகத்தைப் பார்ப்பார்கள், அப்புறம் சிரிப்பார்கள். நானும் ஒரு காலத்தில் சிரித்திருப்பேன். என் காரில் சூட்டையும் குளிரையும் மாற்றும் திருகு ஒன்பது வருடமாக நீலப் பக்கத்திலேயே கிடந்தது. சிவப்புப் பக்கம் ஒன்று இருப்பதையே நான் கவனித்ததில்லை.

கவனிக்க வைத்தவர் என் அண்ணன். முப்பது வருடம் துவாஸில் கப்பல் பட்டறையில் குழாய் வேலை பார்த்தவர். கப்பலின் வயிற்றுக்குள் இறங்கி ஏறினால் சட்டையைப் பிழியலாம் என்பார். சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட பிறகு செவ்வாய், வியாழன், சனி என்று வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். நான்கு மணி நேரம் இரத்தம் வெளியே போய்ச் சுற்றி வந்தால் உடம்பில் என்ன சூடு மிஞ்சும்? கேமரன் மலைக்குப் போவதற்காக வாங்கிய தடி ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு, வெளியே வெயில் கொளுத்தும்போது மனிதர் பல் கிடுகிடுக்க நடுங்குவார். டாக்சிக்காரர்களோ ஏர்கானைக் குறைக்கச் சொன்னால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள்.

ஒரு வியாழக்கிழமை, "குளிர் தாங்கல, இன்னிக்கு வேணாம்" என்று வீட்டிலேயே இருந்துவிட்டார். சனிக்கிழமை விடிவதற்குள் நெஞ்சில் நீர் கோத்து மூச்சு முட்டியது. மூன்று நாள் வார்டில் கிடந்தார். டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, இனி ஒரு தடவைகூடத் தவறக் கூடாது, அடுத்த முறை பிழைப்பார் என்று சொல்ல முடியாது என்றார். அதன் பிறகு அந்த மூன்று நாளும் தேக்கா மார்க்கெட் மாடியில் இருக்கும் என் தையல் கடையை மதியமே சாத்தினேன். ப்ளவுஸ் கேட்டு வந்தவர்கள் முணுமுணுத்தார்கள். முணுமுணுக்கட்டும். அண்ணனை என் காரிலேயே கூட்டிவந்து, திருகைச் சிவப்புக்குத் திருப்பினேன். முதல் நாளே பாதி வழியில் குறட்டை விட்டார். அதற்கப்புறம் ஒருநாளும் 'வேணாம்' என்று சொல்லவில்லை.

அப்படியே போயிருக்கலாம். ரேடியேட்டர் விரிசல் விட்டது. பட்டறையில் கொடுத்து, ரேடியேட்டரையும் தண்ணீர் பம்பையும் மாற்றி, எஞ்சின் சூட்டைத் தணிக்கும் கூலண்ட் தண்ணீரைப் புதிதாக ஊற்றி எடுத்து வந்தேன். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாக, அந்தச் சனிக்கிழமை ஹீட்டரில் சூடு இல்லை. காற்று வந்தது. வாயால் ஊதினால் ஒரு சூடு வருமே, அவ்வளவுதான். செவ்வாய்க்கிழமை அதுவும் இல்லை. அண்ணன் ஜாக்கெட்டுக்குள் சுருண்டு, புக்கிட் மேராவில் தன் அடுக்குமாடி புளோக்கின் கீழே இறங்கும்போது, "வியாழக்கிழமை பாத்துக்கலாம்" என்றார்.

பெண் பார்க்கலாமா என்று அம்மா கேட்டபோதெல்லாம் அண்ணன் சொன்னது இந்தப் 'பாத்துக்கலாம்'தான். அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார், அண்ணனுக்கு இன்றுவரை கல்யாணம் ஆகவில்லை.

புதன்கிழமை காலையில் பட்டறைக்குப் போய் நின்றேன்.

"ஹீட்டரா? சிங்கப்பூர்ல யாருக்குக்கா ஹீட்டர்? ஏர்கான் எப்படி ஜில்லுனு வருது பாருங்க லா" என்று சிரித்தார் மெக்கானிக்.

"எங்க அண்ணன் உசிரு அதுலதான் தம்பி ஓடுது. சிரிக்காம பாருங்க" என்றேன். நான் போட்ட சத்தத்தில் பக்கத்துப் பட்டறைக்காரர்கூட எட்டிப் பார்த்தார்.

மெக்கானிக் சிரிப்பை நிறுத்திவிட்டு வண்டியைப் பார்த்தார். ஒழுகல் இல்லை, எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் சரியாக நடுவில் நின்றது. உள்ளே ஹீட்டர் அடைத்திருக்கும், டேஷ்போர்டு முழுக்கக் கழற்ற வேண்டும், ஒரு வாரம் வண்டியை விட்டுவிட்டுப் போங்கள் என்றார். ஒரு வாரம் என்றால் மூன்று டயாலிசிஸ். சாவியைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு நேரே அண்ணன் வீட்டுக்குப் போனேன்.

அவர் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். நான் மெக்கானிக்கையும் அவர் பரம்பரையையும் திட்டி முடிக்கும் வரை பொறுமையாக இருந்தார்.

"முள்ளு நடுவுல நிக்குதா?"

"நிக்குதுண்ணே."

"அப்ப எஞ்சின் சூடாவுது. அந்தச் சூட்டுத் தண்ணி ஹீட்டருக்குள்ள ஓடல. வா, கீழ போவோம்."

டயாலிசிஸ் இல்லாத நாளில் அண்ணன் லிஃப்ட் ஏறி நான் பார்த்துப் பல மாதம் ஆகியிருந்தது. எஞ்சினை ஓடவிட்டு, நிறுத்தி, ஹீட்டருக்குப் போகிற இரண்டு ரப்பர் குழாய்களையும் தொட்டுப் பார்த்தார். என் விரலையும் பிடித்து வைத்தார். ஒன்று சுட்டது, மற்றது ஆறிக் கிடந்தது.

"காத்து அடைச்சிருக்கு. கூலண்ட் ஊத்துறப்ப ஹீட்டரச் சிவப்புல திறந்து வச்சு ஊத்தணும். இந்த ஊர்ல எவன் திறப்பான்? என் டயாலிசிஸ் ட்யூப்ல துளி காத்து வந்தாலும் மெஷின் கத்தி ஊரையே கூட்டும். உன் வண்டிக்குக் கத்தத் தெரியல."

"அப்ப இப்பவே எடுத்துடுங்கண்ணே!"

"அவசரக் குடுக்கை. சூட்டுல மூடியத் திறந்தா மூஞ்சி வெந்துடும். நாளைக்குக் காலைல பாக்கலாம். அந்த ஏத்தத்துல வண்டி மூக்கு மேல பாக்க நிறுத்திட்டுப் போ, காத்து மூடிப் பக்கம் ஏறி வரும்."

புளோக்குக்குப் பின்னால் ஏற்றமாக இருந்த இடத்தில் காரை விட்டுவிட்டு பஸ்ஸில் வீடு திரும்பினேன். நாளைக்கு என்றாரே, அது வெறும் 'பாக்கலாம்'தானா என்று மனசு அடித்துக்கொண்டது. மறுநாள் ஏழு மணிக்குப் போன் வந்தது.

"கீழ நிக்கிறேன். எங்க இருக்க நீ?"

விழுந்தடித்துக்கொண்டு ஓடினேன். அண்ணன் ரேடியேட்டர் மூடியைத் திறந்தார். ஹீட்டரை முழுச் சிவப்பில் வைத்து எஞ்சினை ஓடவிட்டேன். டயாலிசிஸ் ஊசி போடுகிற இடக்கையை வண்டியில் படாமல் ஒதுக்கி வைத்துக்கொண்டு, வலக்கையால் குழாயை அமுக்கி அமுக்கி விட்டார். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு குபுக்கென்று ஒரு குமிழி. அப்புறம் வரிசையாக வந்தன. "ஊத்து, இன்னும் ஊத்து" என்று அதட்டினார், நான் கூலண்ட் ஊற்றினேன். பையில் கட்டி வாங்கிய கோப்பியோடு வேடிக்கை பார்த்த சீனப் பெரியவர், "ஏர்கான் ஸ்பாயில் ஆ?" என்றார். ஹீட்டர் என்றேன். எங்கள் இருவரையும் மேலும் கீழும் பார்த்துவிட்டு நடையைக் கட்டினார்.

குமிழி நின்றதும் காருக்குள்ளே ஹீட்டர் காற்றில் கையை நீட்டினேன். சுட்டது. சுரீரென்று சுட்டது!

மதியம் அண்ணன் மறுபேச்சு இல்லாமல் வந்தார். நான்கு மணி நேரம் கழித்து, வழக்கம்போல் நடுங்கிக்கொண்டு காரில் ஏறினார். கண்ணாடிகளை ஏற்றிவிட்டு ஹீட்டரை முழுசாகப் போட்டேன். இரண்டாவது சிக்னலில் என் ரவிக்கை முதுகோடு ஒட்டிக்கொண்டது, வியர்வை கண்ணில் இறங்கியது. அண்ணன் இரண்டு கைகளையும் காற்றுக்கு நேரே நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பல் சத்தம் நின்றிருந்தது. இந்த முறை தூங்கவில்லை.

வீட்டு வாசலில் இறங்கினவர் கதவைச் சாத்தாமல் குனிந்தார்.

"காத்து போன எடத்துல தண்ணி எறங்கியிருக்கும். கொறஞ்சா மறுபடியும் அடைக்கும். சனிக்கிழமை கெளம்புறதுக்கு முன்ன மூடியத் தொறந்து பாக்கணும். நீ தொறந்துடாத, நான் கீழ வந்து நிக்கிறேன்."

சரிண்ணே என்றேன். அழுகை வந்தது. வியர்வையோடு சேர்த்துத் துடைத்துக்கொண்டேன்.