கோலா மீன் அன்று நெய்த நாடா

சலோமி அக்காவுக்குக் கோபம் வந்தால் அவர் நெய்யும் நாடா ஒடுங்கிவிடும். மூன்று விரல் அகலத்தில் ஒழுங்காக இறங்கிக்கொண்டிருக்கும் பட்டை திடீரென்று இரண்டு விரலாகும். கோபம் தணிந்ததும் மறுபடி மூன்றாகும். காரைக்கால் தருமபுரத்தில் எங்கள் தெருவில் இது எல்லோருக்கும் தெரியும். அவருடைய கணவர் அடைக்கலராஜ், கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்திலிருந்து வீடு திரும்பியதும் மனைவியின் முகத்தைப் பார்க்க மாட்டார். தறியைத்தான் பார்ப்பார்.

தறி என்றதும் குழி தோண்டி இறக்கிய பெரிய தறியை நினைக்க வேண்டாம். இது மடியில் வைத்துக்கொள்ளக் கூடியது. நீளமாக ஒரு பலகை, அதன்மேல் நிமிர்ந்த ஒரு சட்டம், பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் ஏழெட்டு மரமுளைகள், அவ்வளவுதான். 1978-இல் பிரான்சுக்குத் திரும்பிய ஒரு கன்னியாஸ்திரி, தனக்கு உடுப்பு தைத்துக் கொடுத்துவந்த சலோமி அக்காவிடம் இதை விட்டுவிட்டுப் போனார். கூடவே பிரெஞ்சில் அச்சடித்த நாலு பக்கக் காகிதம். அதைப் படித்துச் சொல்ல, பள்ளியில் பிரெஞ்சு படித்த என்னைக் கூப்பிட்டார்கள். நான் இரண்டாம் பக்கத்தை முடிப்பதற்குள், "போதும்மா, புரிஞ்சுபோச்சு. பாக்கியெல்லாம் சும்மா பெருமைக்கு எழுதியிருக்காங்க" என்று சொல்லிவிட்டு அக்கா நூலை எடுத்துவிட்டார்.

உண்மையிலேயே அவருக்குப் புரிந்துதான் இருந்தது. நூலை முளைகளைச் சுற்றிச் சுற்றி ஓட்டினால் அதுவே பாவு. ஒன்றுவிட்டு ஒரு நூலை நடு முளையில் கட்டிய கண்ணிகளில் மாட்ட வேண்டும். மீதி நூல்களைக் கையால் மேலே தூக்கினால் ஒரு வாய் திறக்கும். கீழே அழுத்தினால் இன்னொரு வாய். ஒவ்வொரு வாய்க்குள்ளும் குறுக்கு நூலை ஒரு முறை விட்டு இழுத்து, மரச்சீவலால் தட்டினால் நாடா வளரும். பாவின் நிறம் மட்டும்தான் வெளியே தெரியும். குறுக்கு நூல் உள்ளேயே மறைந்திருந்து அகலத்தைத் தீர்மானிக்கும். அதை இழுக்கும் கை இறுகினால் நாடாவும் இறுகும். சலோமி அக்காவின் கையை யாராலும் ஏமாற்ற முடியாது, அவராலேயே முடியாது.

முதலில் பாவாடை நாடாதான் நெய்தார். பிறகு பள்ளிக்கூடப் பைக்குத் தோள்பட்டி. எண்பதாம் ஆண்டு வாக்கில் சூட்கேஸ் நாடா வந்து மற்ற எல்லாவற்றையும் ஓரம் கட்டியது.

அப்போது காரைக்காலில் இரண்டு வீட்டுக்கு ஓர் ஆள் துபாயிலோ குவைத்திலோ இருந்தார். எல்லோரும் வாங்குவது ஒரே மாதிரிப் பழுப்பு சூட்கேஸ். விமான நிலையத்தில் நாற்பது பழுப்புப் பெட்டிகள் வரிசையாக வந்தால் யாருடையது எது என்று கயிற்றையும் எழுத்தையும் பார்த்துத் தடுமாற வேண்டும். சலோமி அக்காவின் நாடாவை நடுவில் சுற்றிக் கொக்கியை மாட்டிவிட்டால் அந்தத் தொல்லை இல்லை. கத்தரிப்பூ நிறத்தில் இரண்டு மஞ்சள் கோடு ஓடினால் அது நம் பெட்டி, கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம்.

"இதே மாதிரி இன்னொண்ணு இந்த உலகத்துலயே கெடையாதுங்க" என்று ஒவ்வொருவரிடமும் நாடாவைக் கொடுக்கும்போது சொல்வார். அந்த வார்த்தைக்காகவே கோட்டுச்சேரியிலிருந்தும் குரும்பகரத்திலிருந்தும் ஆட்கள் வந்தார்கள்.

அந்த வார்த்தை பாதிதான் உண்மை. முளைகளைச் சுற்றி ஓட்டிய பாவு ஆறு முழம் வரும். ஒரு பெட்டிக்கு மூன்று முழம் போதும். மீதி மூன்று முழப் பாவை அறுத்து எறிய எந்தத் தையல்காரிக்கும் மனசு வராது. ஆகவே ஒவ்வொரு பாவிலும் இரண்டு நாடா பிறந்தது. ஒன்று ஒரு ஊருக்கு, அதன் இரட்டை வேறொரு ஊருக்கு. இரண்டும் ஒரே நாளில் ஒரே விமானத்தில் வந்து இறங்குமா என்ன?

எண்பத்து மூன்றாம் ஆண்டு சித்திரை மாதத்தில் இறங்கின.

இறங்கிய மறுநாள் காலை பத்து மணிக்கு ஆஸியா பீவி, மகன் தாவூதுடன் சலோமி அக்கா வீட்டுக்கு வந்தார். தாவூதின் தலையில் ஒரு பழுப்பு சூட்கேஸ், அதைச் சுற்றிக் கத்தரிப்பூ நிற நாடா. தாவூது துபாயிலிருந்து முந்தின நாள்தான் வந்திருந்தான். அடுத்த நாள் காலை அவன் தங்கை அமீர் நிஷாவுக்கு நிக்காஹ். அதற்கான சேலையை அங்கிருந்து அவன்தான் வாங்கி வந்திருந்தான்.

"சலோமி, இந்தப் பொட்டியத் தெறந்து பாரு" என்றார் ஆஸியா பீவி.

உள்ளே பால்மாவு டப்பாக்கள், ஒரு ஜெபமாலை, ஒரு ஜெபப் புத்தகம், மூன்று சட்டைகள். சட்டை ஒவ்வொன்றுக்குள்ளும் தாவூது மாதிரி இரண்டு பேர் போகலாம்.

"சேலை எங்க?"

"அதத்தான் நானும் கேக்குறேன். இவன் நாடாவப் பாத்தேன் எடுத்தேங்குறான். பேரு எழுதலியாடான்னா, சலோமி அக்கா நாடா இருக்கறப்ப பேரு எதுக்குங்குறான்."

"நீங்கதானேக்கா சொன்னீங்க, இன்னொண்ணு கெடையாதுன்னு" என்றான் தாவூது. குறையாகச் சொல்லவில்லை. இன்னும் நம்பிக்கொண்டுதான் இருந்தான்.

ஆஸியா பீவியே ஒரு வழியும் சொன்னார்: "எவனோ உன் நாடாவப் பாத்துட்டு அங்கேயே இதே மாதிரி செஞ்சிருக்கான். உன் மேல குத்தம் சொல்ல வரல புள்ள. ஜெபமாலை இருக்கே, உங்க ஆளுங்க யாராச்சும் தெரியுமான்னுதான் வந்தேன்."

ஆமாம் என்று தலையாட்டியிருந்தால் போதும். அக்காவின் பேருக்கு ஒரு குறையும் வந்திருக்காது. ஆனால் பெட்டி எந்த வீட்டில் இருக்கிறது என்பது அவர் ஒருவருக்குத்தான் தெரியும். அதைச் சொன்னால் எப்படித் தெரியும் என்பதையும் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் நாளைக் காலையில் அமீர் நிஷா எதைக் கட்டிக்கொள்வாள்?

சலோமி அக்கா நாடாவை ஒரு முனையிலிருந்து மறு முனை வரை விரலால் தடவினார்.

"அங்க யாரும் நெய்யல, ராத்தா. ரெண்டையும் நான்தான் நெய்ஞ்சேன். ஒரே பாவு. முதல் பாதி உங்களுக்கு, அடுத்த பாதி கோட்டுச்சேரி இசபெல்லாம்மாவுக்கு. அவங்க மவன் பிலோமின்ராஜும் துபாய்லதான் இருக்கான்."

தாவூது வாயைத் திறந்தான். ஆஸியா பீவி அவன் முழங்கையைப் பிடித்து அழுத்தினார்.

"திட்டுறதெல்லாம் நாளைக்கு மத்தியானம் பிரியாணி தின்னுட்டுத் திட்டிக்கலாம். இப்ப பஸ் எத்தனை மணிக்கு?"

கோட்டுச்சேரியில் இசபெல்லா அம்மாள் வீட்டுக் கூடத்தில், மாதா படத்துக்குக் கீழே ஒரு நாற்காலி, அதன்மேல் அதே பழுப்பு சூட்கேஸ். நாடாவுக்கு மேலே ஒரு கதம்ப மாலை வேறு போட்டிருந்தார்கள். பெட்டியைச் சுற்றி உறவுக்காரப் பிள்ளைகள் ஐந்தாறு பேர் சப்பணமிட்டுக் காத்திருந்தார்கள்.

"பிலோமின் வேளாங்கண்ணிக்கு நடந்து போயிருக்கான். நாளைக்குச் சாயங்காலம் வருவான்" என்றார் இசபெல்லா அம்மாள். "அவன் போயிட்டு வர்ற வரைக்கும் பொட்டியத் தெறக்க மாட்டேன்னு மாதாகிட்ட நேர்ந்திருக்கேன்."

"அது உங்க பொட்டி இல்லம்மா. உங்களுது இது" என்றார் சலோமி அக்கா.

"நீ நெய்ஞ்ச நாடா சுத்தியிருக்கு. உன் கைவேலை உனக்கே தெரியலியாடி?"

"இதுலயும் சுத்தியிருக்கு பாருங்க."

"அதான் இன்னொண்ணு கெடையாதுன்னியே!"

மறுபடியும் அதேதான். அக்கா இரண்டாவது முறையாக எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். முதல் முறையைவிடச் சுலபமாக இருந்தது போலும், பிள்ளைகளுக்கும் புரியும்படி முளையைச் சுற்றி நூல் ஓட்டுவதைக் கையால் காட்டியே சொன்னார்.

"தெறந்து பாத்தா ஒரு நிமிஷ வேலைங்க" என்றான் தாவூது.

"தெறக்கறதாவது! நேர்த்திப்பா."

"தெறக்க வேணாம்" என்றார் சலோமி அக்கா. "உங்க நாடாவை வாங்க நீங்க எப்ப வந்தீங்க, ஞாபகம் இருக்கா?"

"ஏன் இல்லாம? அன்னிக்குத்தானே நீ வெறிபிடிச்ச மாதிரி உக்காந்திருந்தே. நாடா இன்னும் முடியல, இருங்கன்னு சொன்னே. கோலா மீன் உருண்டை செஞ்சு வச்சிருந்தியாம், உன் புருஷன் சொல்லாம கொள்ளாம ரெண்டு பேரக் கூட்டியாந்து சட்டியக் காலி பண்ணிட்டானாம். ஒரு மணி நேரம் அதையே சொல்லிச் சொல்லி இழுத்து இழுத்து நெய்ஞ்சே."

"எத்தனை உருண்டைன்னு சொன்னேன்?"

"இருபத்திரண்டு."

"சரி. இப்ப ரெண்டு நாடாவையும் தடவிப் பாருங்க."

இசபெல்லா அம்மாள் முதலில் மாலை போட்ட பெட்டியின் நாடாவை மூன்று விரலால் அளந்துகொண்டே போனார். கொக்கி முதல் கொக்கி வரை மூன்று விரல். பிறகு தாவூது இறக்கி வைத்த பெட்டி. மூன்று விரல், மூன்று விரல், அப்புறம் மூன்றாவது விரல் வெளியே நின்றது. முக்கால் முழத்துக்கு அப்படியே இரண்டு விரலாகப் போய், பிறகு மெதுவாக விரிந்தது.

அவர் சிரிக்க ஆரம்பித்தார். "இருபத்திரண்டு உருண்டையும் இங்கதான்டி இருக்கு!"

பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து தடவிப் பார்த்தார்கள். ஆஸியா பீவியும் தடவிப் பார்த்தார். மாலையைக் கழற்றிச் சரியான பெட்டிக்கு மாற்றும்போதுதான் இசபெல்லா அம்மாளுக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"ஆனா இத நீங்க தெறந்துட்டீங்களே?"

"தெறந்தது எங்க வீட்ல" என்றார் ஆஸியா பீவி. "நேர்ந்தது நீங்க. உங்க வீட்ல யாரும் தெறக்கலியே?"

இசபெல்லா அம்மாள் மாதா படத்தை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். "அதுவும் சரிதான். அவங்களுக்குத் தெரியும்."

மறுநாள் அமீர் நிஷா ரோஜா நிறச் சேலையில் உட்கார்ந்திருந்தாள். இந்தக் கதை பந்தியில் பிரியாணியைவிட வேகமாகப் பரிமாறப்பட்டது. இனி யாரும் நாடா கேட்டு வர மாட்டார்கள் என்று அக்கா அன்று எங்கள் வீட்டுப் படியில் உட்கார்ந்து சொன்னார். ஒரு வாரம் ஒருவரும் வரவில்லை. அந்த ஒரு வாரமும் தறியில் பாவு ஏறவில்லை. அகலம் பார்க்க நாடா இல்லாததால் அடைக்கலராஜ் பயந்துபோய் நேரத்தோடு வீட்டுக்கு வந்தார்.

எட்டாம் நாள் தாவூது வந்தான். அடுத்த மாதம் திரும்பிப் போகிறானாம். அவன் நாடா பழுதாகவில்லை, ஆனாலும் புதிதாக ஒன்று வேண்டும்.

"இனிமே ஒரு பாவு ஒரு ஆளுக்குத்தான், தம்பி. ரெண்டு நாடாவும் உனக்கே. ஒண்ணு பொட்டியோட போவும், இன்னொண்ண உம்மாகிட்ட குடு, வீட்ல இருக்கட்டும்" என்றார் அக்கா. உலகத்தில் இன்னொன்று கிடையாது என்று சொல்லவில்லை.

"சரிக்கா. அப்புறம்..." அவன் தயங்கினான். "இசபெல்லாம்மா நாடாவுல இருக்குற மாதிரி நடுவுல கொஞ்சம் கோவமா நெய்ஞ்சு குடுங்களேன். அதப் பாத்தா யாருக்கும் தப்பாது."

"கோவம் என்ன கொத்தமல்லியா, கேட்டதும் கிள்ளிக் குடுக்க? வந்தாத்தான் உண்டு."

அவன் உட்கார்ந்து காத்திருந்தான். அக்கா பாவு ஓட்டி, கண்ணி மாட்டி, ஒரு முழம் வரை நெய்தார். மூன்று விரல், கொஞ்சமும் பிசகாமல். தாவூதுக்கு நம்பிக்கை போய்க்கொண்டிருந்தது.

அப்போது வாசலில் செருப்புகள் கழற்றும் சத்தம். ஒரு ஜோடி, இரண்டு ஜோடி, மூன்று ஜோடி.

"சலோமி," என்று அடைக்கலராஜின் குரல் உற்சாகமாகக் கேட்டது, "நம்ம ஆபீஸ்ல இருந்து ரெண்டு பேரு வந்திருக்காங்க. சாப்பிட என்ன இருக்கு?"

சலோமி அக்கா குறுக்கு நூலை இழுத்தார்.

"இந்தா தம்பி," என்றார், "நீ கேட்டது வந்துடுச்சு."