வலது கையால் வாங்கிய காகிதம்

மாட்டுங்காவில் வக்கீல் ஜெயராமின் அறையில் நடந்த அந்தப் பேச்சு பிரேமலதாவுக்கு வார்த்தை மாறாமல் நினைவிருக்கிறது. ஆங்கிலக் காகிதங்களைப் படித்துச் சொல்வதற்காகப் பெரியப்பா நம்பிராஜன் அவளைக் கூட்டிப் போயிருந்தார்.

"கோர்ட்டு கைக்கு எப்படி சார் விலை போடும்?" என்று கேட்டார் பெரியப்பா.

"கை எவ்வளவு போச்சுன்னு மட்டும் பார்க்காது. அந்தக் கையை நம்பியிருந்த பிழைப்பு எவ்வளவு போச்சுன்னு பார்க்கும். வயசு, சம்பளம், டாக்டர் எழுதற பர்சென்ட் எல்லாம் சேர்த்துத்தான்."

"இடது கையால இப்பம் வெட்டிப் பழகுதேன் சார்."

ஜெயராம் பேனாவைக் கீழே வைத்தார். "கேஸ் முடியற வரைக்கும் கத்தியைத் தொடாதீங்க. இன்ஷூரன்ஸ்காரன் படம் பிடிக்க மொபைலோட சுத்துவான்."

"எப்பம் சார் முடியும்?"

"அதைக் கேட்டு நானே ஒரு கேஸ் போடலாம்னு இருக்கேன்."

பெரியப்பா சிரித்தார். பிரேமலதா சிரிக்கவில்லை.

தாராவியில் முப்பது வருஷம் தோல் வெட்டியவர் நம்பிராஜன். சயான் சிக்னலில் ஒரு டெம்போ இடித்துத் தள்ளியதில், வலது கையில் கட்டைவிரலும் சுண்டுவிரலும்தான் மிஞ்சின. இரண்டு வருஷமாக வாசற்படியில் உட்கார்ந்திருந்தார்.

"என்ன அண்ணாச்சி, ராஜா மாதிரி உக்காந்துட்டீரு!" என்பார் எதிர் அறை சுயம்பு.

"கோர்ட்டுதாம்டே உக்கார வச்சிருக்கு."

விசாரணை நாளில் எதிர்த்தரப்பு வக்கீல் ஒரு காகிதத்தை நீட்டி, கையெழுத்து அவருடையதுதானா என்று ஹிந்தியில் கேட்டார். பெரிய மனிதர்கள் கொடுப்பதை இடது கையால் வாங்கிப் பெரியப்பாவுக்குப் பழக்கமில்லை. வலது கை தானாக நீண்டது. மிஞ்சிய இரு விரல்களுக்கும் நடுவே காகிதத்தை இடுக்கி, குனிந்து பணிவாக வாங்கினார்.

"பிடிக்க முடிகிறது. பதிவு செய்துகொள்ள வேண்டும்," என்றார் அந்த வக்கீல். டாக்டர்கள் மறுபடி சோதித்துச் சொல்லட்டும் என்று நீதிபதி வழக்கை நாலு மாதம் தள்ளிவைத்தார்.

"இடது கைய நீட்டிருக்கலாம்லா, பெரியப்பா?" என்று வெளியே வந்ததும் கேட்டாள் பிரேமலதா.

"ஜட்ஜுக்கு முன்னாலயா? மரியாத தெரியாதவன்னு நினைக்க மாட்டாரா?"

அதுவரை மாட்டுங்கா வீடுகளில் பாத்திரம் தேய்த்துக் குடும்பத்தைத் தாங்கிய பெரியம்மா, மூட்டுவலியில் நடக்க முடியாமல் கல்யாணில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். வாரம் ஒன்று போனது. ஒரு காலையில் பிரேமலதா ஆபீசுக்குக் கிளம்பி மாடியறையிலிருந்து இரும்பு ஏணியில் இறங்கியபோது, பெரியப்பா கதவை ஒருக்களித்துக் கூப்பிட்டார். அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. கட்டிலடியில் பழைய முதலாளி கொடுத்தனுப்பிய தோல் கட்டு பிரிந்து கிடந்தது. பக்கத்தில் கத்தி.

அவர் ஒரு பூட்டை நீட்டினார், வலது கையால்தான்.

"ஏ தாயி, போகும்போது வெளிய இதப் போட்டுட்டுப் போ. மொபைலோட வாரவனுவ ஆள் இல்லன்னு நினைச்சுக்கிடுவானுவ. சாயந்திரம் நீ வந்து தொறந்தாப் போதும்."