தலையாட்டாமல் வாசித்தவர்

பிலிப் அண்ணை போய்விட்டார் என்று அவருடைய மனைவி றீற்றா அக்கா போன வியாழன் காலை தொலைபேசியில் சொன்னார். நான் வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தேன். ஒற்றைச் சப்பாத்தோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மாரடைப்பாம். ஒருமுறை என்னைச் சாகிற அளவுக்குப் பயப்படுத்திய மனிதர் அவர். அந்தக் கதையை, அவர் வாசிப்பைக் கேட்ட உங்களுக்குச் சொல்லவேண்டும்.

ரொறன்ரோவின் டோர்செட் பார்க் மாடிக்கட்டடங்களில் அவரைத் தெரியாதவர்கள் குறைவு. மன்னாரில் பிறந்து, இளவயதிலேயே கப்பலில் வேலைக்குச் சேர்ந்து, நியூபவுண்ட்லாந்துத் துறைமுகம் ஒன்றில் இறங்கி, சில ஆண்டுகள் அங்கேயே மீன் பதனிடும் பக்ரறியில் வேலைக்கு நின்றவர். கோயில் பாட்டுக்கு வாசித்த அதே வயலினில் அந்த ஊர் மீனவர்களின் ஆட்டப்பாட்டுகளைப் பழகிக்கொண்டார். ரொறன்ரோவில் நாங்கள் இருவரும் ஒரே தொழிற்சாலையில் அட்டைப்பெட்டி மடித்தோம். "உவங்கள் இதைப் பிடில் எண்டுவாங்கள். கேட்டும் உன்ரை கால் ஆடேல்லை எண்டால் வாசிச்சவனில பிழை" என்பார். எனக்கு அப்போது கால் ஆடுகிற மனநிலை இல்லை.

ஊரில் இராணுவத்தின் சுற்றிவளைப்பு ஒன்றில் எங்களை வரிசையாக நடத்திப் போனார்கள். சாக்கால் தலையை மூடிய ஒருவன் முன்னே இருந்தான். கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை. அவன் தலையாட்டினால் அந்த ஆளைப் பிடித்துக்கொண்டு போவார்கள். எனக்கு ஆட்டினான். முகாமுக்குள்ளே எங்களை அடிக்கும்போது சத்தம் வெளியே கேட்காமலிருக்க றேடியோவை உச்சத்தில் வைப்பார்கள். பிலிப் அண்ணை இதற்கெல்லாம் வெகுகாலம் முன்பே நாட்டைவிட்டுப் போனவர். நானும் அவரிடம் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

நான் கனடா வந்தபின் முதல் நத்தார், அதாவது கிறிஸ்மஸ் வாரம். பின்னேரம் கதவு தட்டுப்பட்டது. கதவுத் துளையால் பார்த்தேன். மூன்று பேர். மூன்று தலைகளும் தலையணை உறையால் மூடியிருந்தன. கண்ணுக்கு ஓட்டைகள். நடுவில் நின்றவன் என் பக்கம் பார்த்து மூன்றுதரம் தலையாட்டினான்.

மனைவியையும் மகளையும் குளியலறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினேன்.

"என்னப்பா, ஆர் வந்திருக்கினம்?"

"மூச்சு விடாதையும்!"

வெளியே அக்கோடியன், அந்தத் துருத்திப்பெட்டி வாத்தியம், தொடங்கியது. அதன்மேல் பிடில் துள்ளி ஏறியது. எனக்கு அந்த றேடியோதான் கேட்டது.

"ஆரடா அது?" என்று கத்தினேன்.

பாட்டு நின்றது. "தம்பி, நான் பிலிப்பு. நத்தாருக்கு முகத்தை மூடிக்கொண்டு வீடு வீடாப் போறது இவங்களின்ரை நியூபவுண்ட்லாந்து ஊர் வழக்கம். ஆரெண்டு வீட்டுக்காரர் கண்டுபிடிக்கவேணும்."

"உதைக் கழட்டுங்கோ அண்ணை! தலையில கிடக்கிறதைக் கழட்டுங்கோ!"

கழற்றினார். அவர் முகம்தான். ஆனாலும் என் கை பூட்டுக்குப் போகவில்லை. மூடிய கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். அதுவரை மனைவிக்குக்கூட முழுதாகச் சொன்னதில்லை.

பிறகு, "எனக்குத் தெரியாதடா தம்பி. சத்தியமாத் தெரியாது" என்றார். "நீ திறக்கவேண்டாம். உள்ளுக்கு நிண்டே கேள். நாங்கள் முகத்தைக் காட்டிக்கொண்டு வாசிக்கிறம்."

கூட வந்த இரண்டு வெள்ளைக்காரக் கிழவர்களும் உறைகளைக் கழற்றிவிட்டுச் சங்கடத்தோடு நின்றார்கள். சங்கிலியை மாட்டியபடி கதவை மூன்று விரலளவு திறந்தேன். அக்கோடியன் இழுத்து இழுத்துப் பாட, பிடில் அதைச் சீண்டிக்கொண்டு முன்னால் ஓடியது. அப்படியொரு சந்தோசமான சத்தத்தை நான் அதுவரை கேட்டதில்லை. என் கால் தானாகத் தாளம் போட்டது. கை சங்கிலியை விடவில்லை.

அதன்பிறகு அவர் எங்கே வாசித்தாலும், அன்று கதவடியில் செய்ததுபோல மூன்றுதரம் தலையாட்டித் தாளம் காட்டிப் பாட்டைத் தொடங்கியதில்லை. "ஒண்டு, ரெண்டு, மூண்டு" என்று வாய்விட்டு எண்ணுவார். கலியாண வீடுகளில் நீங்கள் அதைக் கேட்டுச் சிரித்திருப்பீர்கள், கிழவனுக்குத் தாளம் மறந்துபோச்சு என்று கேலியும் செய்திருப்பீர்கள். அவர் ஒருவருக்கும் காரணம் சொல்லவில்லை. நான் மண்டபத்தில் இல்லாத நாட்களிலும் எண்ணித்தான் தொடங்கினார் என்று நேற்றுத்தான் றீற்றா அக்கா சொல்லி அறிந்தேன்.

அவரிடமிருந்து நான் வைத்திருப்பது அந்த எண்ணிக்கையைத்தான். பயம் போகவில்லை. கதவு தட்டுப்பட்டால் இன்றும் முதலில் துளையால் பார்க்கிறேன். அவர் குரலில் மூன்றுவரை எண்ணுகிறேன், பிறகு திறக்கிறேன்.