கையெழுத்தில்லாத கேள்விகள்

எங்கள் ஆஸ்பத்திரி நூலகத்துக்கு டாக்டர்களில் பாதிப் பேர் ஏசிக்காக வருகிறார்கள். மீதிப் பேர் வருவதில்லை. அங்கே இருபது வருடமாக நூலகராக இருப்பவன் இதைச் சொல்ல வெட்கப்பட வேண்டும். ஆனால் மதுரை வெயிலில் அந்த ஏசியின் முதல் ரசிகன் நான்தான்.

டாக்டர்கள் வராவிட்டாலும் கேள்விகள் வரும். லிஃப்டில் வரும், வண்டி நிறுத்துமிடத்தில் வரும், பரோட்டாக் கடையில் சால்னா ஊற்றிக்கொண்டிருக்கும்போது வரும். "அண்ணே, கிட்னி பழுதானவங்களுக்கு இந்த மாத்திரை கொடுக்கலாமா? புதுசா ஏதும் வந்திருக்கா?" சட்டைப் பையில் இருக்கும் நோட்டில் குறித்துக்கொள்வேன். தேடிப் படித்து, ஒரே பக்கத்தில் பதில் எழுதிக் கொடுப்பேன். என்ன கேட்டார்கள், என்ன கிடைத்தது, அதை எந்த அளவுக்கு நம்பலாம், நம் நோயாளிக்கு அது பொருந்துமா என்பதெல்லாம் அதில் இருக்கும்.

ஆரம்பத்தில் கட்டுரையின் சுருக்கத்தை மட்டும் மேய்ந்துவிட்டு எழுதிக்கொண்டிருந்தேன். மகப்பேறுத் துறையின் தலைவர் ஒருநாள் என் பக்கத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "கட்டுரையை முழுசாப் படிச்சீங்களா?" என்றார்.

"பார்த்தேன் மேடம்."

"சினிமா போஸ்டரையும்தான் பார்க்குறோம். படம் பார்த்ததா ஆயிருமா?"

அன்றிலிருந்து கடைசி வரி வரை படிக்கிறேன். என் கண்ணாடியின் பவர் ஏறியதற்கு அவரே பொறுப்பு.

இந்த வேலையின் எந்தத் தடயமும் நூலகத்துக்கு வருகிறவர்கள் கையெழுத்துப் போட வேண்டிய வருகைப் பதிவேட்டில் இருக்காது. ஏசிக்கு வருகிறவர்களும் அதைத் தொடுவதில்லை. அந்தப் பதிவேட்டுக்கு வேறொரு சம்பிரதாயம் உண்டு. ஆஸ்பத்திரியைப் பார்வையிட ஆய்வுக் குழு வருவதற்கு முந்தின வாரம், மேல்படிப்பு மாணவர்கள் நாலு பேர் நாலு நிறப் பேனாவோடு உட்கார்ந்து, வருடம் முழுமைக்கும் கையெழுத்துப் போட்டுத் தள்ளுவார்கள். ஒருமுறை உற்சாக மிகுதியில் தீபாவளியன்று காலையிலேயே பதினெட்டுப் பேர் படிக்க வந்துவிட்டார்கள். ஆய்வுக் குழு எங்களைப் பாராட்டிவிட்டுப் போனது. நாலு பேருக்கும் டீ வாங்கிக் கொடுத்தது நான்.

இந்த வருடம் எனக்கு என்னவோ ஆகிவிட்டது. ஆதாரம் எங்கே, ஆதாரம் எங்கே என்று பக்கம் பக்கமாக எழுதுகிறவன், தன் மேசையிலேயே பொய் ஆதாரத்துக்கு டீ வாங்கிக் கொடுப்பதா? மாட்டேன் என்றுவிட்டேன். பதிவேடு வெள்ளையாகவே மேலே போனது. புதிதாக வந்திருந்த நிர்வாக அதிகாரி அதைப் புரட்டிப் பார்த்தார். மறுவாரமே சுற்றறிக்கை வந்தது: யாரும் பயன்படுத்தாத நூலக அறை இன்சூரன்ஸ் பிரிவுக்கு மாற்றப்படும்; துறைத் தலைவர்கள் கூடி முடிவு செய்வார்கள். ஐம்பத்துமூன்று வயதில் வந்த நேர்மைக்கு உடனடிப் பலன்.

அந்தச் சுற்றறிக்கையோடு மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தபோது, மகப்பேறு வார்டில் மேல்படிப்புப் படிக்கும் பெண் டாக்டர் ஒருவர் வழிமறித்தார். வார்டு வாசலில் கொட்டாம்பட்டிப் பக்கத்து அம்மா ஒருவர் தூக்குச்சட்டியில் கஞ்சியோடு நின்றிருந்தார். மகளுக்கு முந்தின நாள் சிசேரியன்.

"நேத்து மத்தியானத்துலருந்து புள்ள பட்டினியாக் கெடக்கா. காத்துப் பிரியலைன்னு ஒரு வாய்க் கஞ்சி குடுக்க விடமாட்டேங்குறாக. பால் குடுக்குறவ எம்புட்டு நேரந்தான் வெறும் வயித்தோட கெடப்பா?"

டாக்டர் என்னைத் தள்ளிக் கூட்டிப்போய்க் குரலைத் தாழ்த்தினார். "அண்ணே, காத்துப் பிரியுற வரைக்கும் பட்டினி போடணும்ங்கிறதுக்கு ஆதாரம் என்னன்னு பாருங்க. நான் கேட்டேன்னு மட்டும் சொல்லிராதீங்க. பெரிய மேடம் காதுக்குப் போச்சுன்னா என் கதை முடிஞ்சுது."

குறித்துக்கொண்டேன். வழக்கம்போலப் பெயர் எழுதவில்லை.

அடுத்த வாரம் துறைத் தலைவர்கள் கூட்டம் நூலகத்திலேயே நடந்தது. அதுதான் ஏசி உள்ள பெரிய அறை. நிர்வாக அதிகாரி வெள்ளைப் பதிவேட்டைத் தூக்கிக் காட்டினார். நான் என் பை நோட்டுகளை மேசையில் அடுக்கினேன். அவர் ஒன்றைப் பிரித்தார்.

"'பரவை மார்க்கெட், கத்தரிக்காய் ரெண்டு கிலோ.' இதை எந்த டாக்டர் கேட்டது?"

"அது என் சம்சாரம் கேட்டது சார். அதுக்கும் முறையா பதில் கொடுத்தாச்சு."

"மத்ததுல பேரே இல்லையே சார். கையெழுத்தும் இல்ல. யார் வேணாலும் நோட்டு எழுதலாமே?"

"பேர் எழுதுனா ஒருத்தரும் கேட்க மாட்டாங்க சார். ஒவ்வொரு கேள்வியும், எனக்குத் தெரியலைன்னு ஒரு டாக்டர் ஒத்துக்கிட்டது. அதுக்குக் கீழ கையெழுத்துப் போட யாருக்கு மனசு வரும்?"

மகப்பேறுத் துறைத் தலைவர் கடைசி நோட்டை இழுத்துப் பார்த்தார். புருவம் ஏறியது.

"சிசேரியனுக்குப் பிறகு பட்டினி, ஆதாரம்? இது என் வார்டு. யார் கேட்டது?"

"சொல்ல மாட்டேன் மேடம்."

"மாட்டீங்களா?"

"ரூமை எடுத்துக்கங்க மேடம். பேரைத் தர மாட்டேன்."

வசனம் நன்றாகத்தான் வந்தது. மேடம் நோட்டை மூடாமல் என் பக்கம் கையை நீட்டினார்.

"சரி, பதிலாவது தருவீங்களா?"

பையிலிருந்து அந்த ஒரு பக்கத்தை எடுத்துக் கொடுத்தேன்.

"முழுசாப் படிச்சீங்களா?"

"இந்தத் தடவை படத்தையே பார்த்துட்டேன் மேடம். இடைவேளைக்குக்கூட எழுந்திருக்கல."

அவர் சிரிக்கவில்லை. நிதானமாகப் படித்தார். சிக்கலில்லாத சிசேரியன் என்றால் சில மணி நேரத்திலேயே நீராகாரமும் லேசான உணவும் தொடங்கலாம், காத்திருப்பதால் தெளிவான நன்மை தெரியவில்லை என்பதுதான் நான் எழுதியிருந்ததன் சாரம்.

"ஆபரேஷன்ல சிக்கலானவங்களுக்கு?"

"அவங்களைப் பெரும்பாலும் இந்த ஆய்வுகள்ல சேர்க்கல. அவங்களுக்கு இதை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. கீழ எழுதியிருக்கேன்."

அவர் பேனாவைத் திறந்து, நோட்டில் அந்தக் கேள்விக்குக் கீழே தன் முழுப் பெயரை எழுதி, கையெழுத்துப் போட்டு, நிர்வாக அதிகாரியின் பக்கம் தள்ளினார்.

"கையெழுத்து கேட்டீங்களே, இந்தாங்க. இந்தக் கேள்வியை நான்தான் கேட்டிருக்கணும். கேட்கல."

கூட்டம் அரை அறையோடு முடிந்தது. நடுவே ப்ளைவுட் தடுப்பு வந்துவிட்டது. அந்தப் பக்கம் இன்சூரன்ஸ், இந்தப் பக்கம் நானும் அலமாரிகளும். ஏசி அந்தப் பக்கம் போய்விட்டது. என் வாசகர்களில் பாதிப் பேரும் அதனோடு போய்விட்டார்கள். கொட்டாம்பட்டி அம்மாவின் மகள், நான் படித்து முடிப்பதற்குள் பட்டினியும் முடிந்து கஞ்சியும் குடித்து ஊருக்குப் போயிருந்தாள். அவளுக்கு என் பக்கத்தால் ஒரு பயனும் இல்லை. பிறகு வந்தவர்களில் சிக்கலில்லாதவர்களுக்கு, அன்றைக்கே கஞ்சி போகிறது. அந்த இளம் டாக்டர் இன்றுவரை பெரிய மேடத்துக்குப் பயந்துகொண்டுதான் இருக்கிறார். கேள்வி மட்டும் முன்பைவிட அதிகமாகக் கேட்கிறார்.

மாதக் கடைசியில் பதிவேடு கேட்டு நிர்வாகத்திலிருந்து ஆள் வருகிறது. "ஒரு நாலு கையெழுத்தாச்சும் போட்டு வைங்கண்ணே, பார்க்க நல்லாருக்கும்" என்கிறார் வருகிறவர். அவருக்கு டீ வாங்கிக் கொடுக்கிறேன். பதிவேட்டை வெள்ளையாகவே கொடுத்தனுப்புகிறேன்.