ஷெட்டைச் சுற்றிப் பயிர் போட்டவர்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். அதற்கு மேல் படித்திருந்தால் எவன் முன்னாலாவது கைகட்டி நின்று சம்பளம் வாங்கிக்கொண்டிருப்பேன். இன்றைக்கு என் பெயர் எழுதிய லாரிகள் ஓடுகின்றன. என் லாரி ஷெட்டுக்கு அனுமதி வாங்க நான் ஏறாத ஆபீஸ் படி கிடையாது. கடைசியில் அந்த ஆபீஸ்காரர்களே என்னைக் கண்டால் நாற்காலியை இழுத்துப் போட்டார்கள். என்னைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் பொழுது விடிந்துவிடும். இது என் தங்கை புருஷனைப் பற்றியது.

ஊருக்கு அவர் ஸ்பானர். டிராக்டர், தண்ணீர் மோட்டார், கதிர் அடிக்கும் மிஷின் எல்லாம் ரிப்பேர் பார்ப்பார். வேலை முடிந்ததும் ஸ்பானர் சாவிகளை மண்ணெண்ணெயில் கழுவி, பெரிதிலிருந்து சிறிதாக ஆணியில் மாட்டிவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார். ஓர் இடம் சும்மா கிடந்தால் மனுஷனுக்குக் கை அரிக்கும். டவுனில் வாடகைக்கு இருந்த பட்டறை வாசலில், உடைந்த பேட்டரிப் பெட்டியில்கூடக் கீரை போட்டிருந்தார். டிராக்டர்காரர்கள் கேலி பண்ணுவார்கள். “ஸ்பானரே, என் வண்டி சீட்டுக்கு அடியில கொஞ்சம் மண்ணு இருக்கு, ஏதாச்சும் நட்டு விடுங்களேன்!”

ரோட்டை அகலப்படுத்துகிறோம் என்று அந்தப் பட்டறையை இடித்தார்கள். தங்கைக்கு நான் சம்பாதித்து வாங்கிக் கொடுத்த நிலம் ஊருக்கு வெளியே இருந்தது. அதில் இரும்புத் தூண் நட்டு, தன் கையாலேயே வெல்டிங் வைத்து ஷெட் போட்டார். தொழில் சூடு பிடித்தது. அந்த நேரம் பார்த்து நோட்டீஸ் வந்தது. இது விவசாய நிலம், இங்கே பட்டறை கூடாது, நிலத்தைத் தொழிலுக்கு மாற்றி அனுமதி வாங்கு, இல்லையென்றால் ஷெட்டைப் பிரி என்று.

மனு போட நானே கூட்டிப் போனேன். போட்டுவிட்டு வெளியே வந்ததும் ஓரமாக நிறுத்திச் சொன்னேன்.

“மாப்ளே, நல்லாக் கேட்டுக்குங்க. விவசாயத்துக்கு ஆகாத பூமின்னு அவங்க கண்ணுக்குத் தெரியணும். அப்பத்தான் மாத்திக் கொடுப்பாங்க. ஷெட்டைச் சுத்திக் கல்லும் கரடுமாக் கெடக்கு பாருங்க, அது அப்படியே கெடக்கட்டும். கூட்டக்கூட வேணாம்.”

“சரிங்க மச்சான்” என்றார்.

அதன் பிறகு எனக்குக் கண்ணில் ஆபரேஷன். தூசிப் பக்கம் தலைகாட்டாதே என்று டாக்டர் இரண்டு மாதம் வீட்டில் கட்டிப் போட்டுவிட்டார். கட்டு அவிழ்ந்து நான் முதலில் போனது அந்த நிலத்துக்குத்தான். மறுநாள் ஆபீஸிலிருந்து பார்வையிட வருகிறார்கள். போய்ப் பார்த்தால் ஷெட்டைச் சுற்றி முழங்கால் உயரத்துக்குப் பச்சைப் பசேலென்று பயறு. கல்லைப் பொறுக்கி வரப்பாக அடுக்கியிருந்தார். பூவும் பிஞ்சுமாக நின்றது.

“என்ன மாப்ளே இது?”

“நாலு பேரு வந்து பாக்குற எடம் மச்சான். தரிசாப் போட்டு வச்சிருந்தா இவன் எப்பேர்ப்பட்ட சோம்பேறிடான்னு நெனைக்க மாட்டாங்களா? சோம்பேறிக்கு எவன் அனுமதி கொடுப்பான்?”

“இப்பவே டிராக்டரை எடுத்து எல்லாத்தையும் உழுது போடுங்க.”

“பூ விட்டிருக்குதுங்களே.”

“ஷெட்டு வேணுமா, பூ வேணுமா?”

அவர் ரிப்பேருக்கு வந்து நின்ற டிராக்டர் பக்கம் போனார், ஏறினார், சாவியைத் திருகினார். கொஞ்ச நேரம் அது உறுமிக்கொண்டே நின்றது. பிறகு அணைத்துவிட்டு இறங்கி வந்தார். “நாம நேர்மையா உழைக்கிறவங்க, பாத்தாலே தெரிஞ்சுக்குவாங்க மச்சான்” என்றார். நான் ஏறி ஓட்டியிருப்பேன். அவருக்குச் சோறு கொண்டு வந்திருந்த தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டாள். “அண்ணா, விடுங்க. ராத்திரியெல்லாம் தூங்க மாட்டார்.”

மறுநாள் வந்தது ஓர் அதிகாரி அம்மா, சின்ன வயசு. மரியாதையாகத்தான் பேசினாள். போனில் நாலு பக்கமும் படம் எடுத்தாள்.

“நல்ல விளைச்சலா இருக்கே, ஐயா?”

நான் அவர் காலை மிதித்தேன். மனுஷன் காலை நகர்த்திக்கொண்டு சொன்னார்: “ரெண்டு போகம் தாராளமாப் போடலாம்மா. கல்லு மேலாகத்தான் இருந்துச்சு, அடியில தங்கமான மண்ணு.” அத்தோடு விட்டாரா? ஒரு கைப்பிடி பிஞ்சு பறித்து அவள் கையில் வேறு கொடுத்தார்.

உத்தரவு வந்தது. நல்ல விளைநிலம், மாற்ற முடியாது, ஷெட்டை அகற்றவும். நான் ஆபீஸுக்குப் போய்ச் சத்தம் போட்டேன். என் சத்தத்துக்கு அங்கே மரியாதை உண்டு. ஆனால் அந்த அம்மா அசரவில்லை. “அவர் வாயால சொன்னதைத்தானே எழுதினேன். மூணு வருஷம் பயிர் வைக்காம கெடந்தா மறுபடி மனு போடுங்க. அப்பப்ப வந்து படம் எடுப்போம்.”

மிஷின் வந்து இடிக்கும்வரை அவர் காத்திருக்கவில்லை. வெல்டிங் வைத்த கையாலேயே கேஸ் கட்டர் பிடித்துத் தூண் தூணாக அறுத்தார். இரும்பு விழுந்து, ஏற்ற வந்த லாரி ஏறி, முற்றி நின்ற பயறு தரையோடு போயிற்று. இப்போது என் ஷெட்டில் வேலை பார்க்கிறார். முதலாளியாக இருந்தவர், என் டிரைவர்கள் “ஏய் ஸ்பானர்” என்றால் எழுந்து போகிறார். அவர்களை நான் அதட்டி வைத்திருக்கிறேன். ஆனாலும் மனுஷன் நிமிர்ந்து யாரையும் பார்ப்பதில்லை. சாவிகளைக் கழுவுவதும் இல்லை.

முதல் மழை பெய்த வாரம் தங்கையைப் பார்க்க அந்த நிலத்துக்குப் போனேன். உதிர்ந்து கிடந்த பயறெல்லாம் நிலம் முழுக்க முளைத்திருந்தது. அவர் மண்வெட்டியும் கையுமாக ஒரு மூலையிலிருந்து கொத்திக்கொண்டே வந்தார். வேரோடு புரட்டி, வெயிலில் வாடட்டும் என்று மேலே போட்டார். பாதி நிலம் முடிந்திருந்தது.

தங்கை ஓரத்தில் நின்றபடி கேட்டாள். “வேலியோரம் ரெண்டு செடிய மட்டும் விடுங்களேன். சமையலுக்காச்சும் ஆகும்.”

“ஆபீஸ்காரங்க எடுக்குற படத்துல விழும்” என்றார் அவர்.

வேலிப் பக்கம் போய்க் குனிந்து, அந்த இரண்டையும் பிடுங்கினார்.