வெயிலில் காய்ந்த கேசட்

மிக்சி மூடி உடைந்துபோயிற்று. புதுசு வாங்க மனசில்லாமல் மாப்பிள்ளையூரணிப் பக்கம் ஒரு காயலான் கடையில் கிளறிக்கொண்டிருந்தேன். மூடி கிடைக்கவில்லை. ஒரு சாக்கு நிறைய வீடியோ கேசட் கிடந்தது. லேபிளில் இருந்த கோழிக்கிறுக்கல் என்னுடையது.

உங்களிடம் சொன்னேனா, நானும் ஒரு காலத்தில் டிவிக்காரன். பெரிதாக நினைத்துவிடாதீர்கள். துணிக்கடை மாடியில் இரண்டு அறை, ஒரு கேமரா, தூத்துக்குடிக்குள் மட்டும் தெரிகிற கேபிள் சேனல். படம் எடுப்பதும் நான்தான், செய்தி வாசிப்பதும் நான்தான். மார்க்கெட்டுக்குப் போனால், "முக்கியச் செய்திகள் வாரான் பாருலே" என்பார்கள்.

கேசட்டுக்கு எப்போதும் பஞ்சம். முதலாளி அண்ணாச்சி புதுசு வாங்கித் தரமாட்டார். ஒளிபரப்பானதும் அதன் மேலேயே அடுத்ததைப் பதிவோம். லேபிளில் பழைய பெயரை அடித்துவிட்டுப் புதுப் பெயர். சாக்கில் என் கைக்கு வந்ததிலும் அப்படித்தான். 'சங்குகுளி ரூபன் பேட்டி' அடித்திருந்தது. கீழே 'சடங்கு வீடு'. அங்கனேயே உட்கார்ந்துவிட்டேன்.

ரூபன் சங்கு குளிக்கிறவன். கேமராவைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தான். பேட்டி வந்த மறுமாதம் கடலுக்கடியில் காற்றுக்குழாய் மடங்கிவிட்டது. தோணியில் பிணமாகத்தான் வந்தான். முப்பதாம் நாள் பூசை முடிந்து அவன் அம்மா மாடியேறி வந்தார்.

"எம் பிள்ள பேசுனத ஒருக்கா போட்டுக் காட்டுங்க தம்பி. அவன் குரலு எங்கிட்ட இல்ல."

அதன் மேல் யார் வீட்டுச் சடங்கையோ ஏற்றியது நான்தான். அண்ணாச்சி என்னை உள்ளே இழுத்து, "பூசணம் பிடிச்சிட்டுன்னு சொல்லுலே" என்றார். கூசாமல் சொன்னேன்.

"பூசணம்னா வெயில்ல காயவச்சா போயிருமில்லா?" என்று கேட்டு, அந்த அம்மா கேசட்டை முந்தானையில் முடிந்துகொண்டு போய்விட்டார். லேபிளைப் படிக்க அவருக்குத் தெரியாது. நல்லவேளை என்று அன்றைக்கு நினைத்தேன். இப்போது எழுதவே வெட்கமாக இருக்கிறது.

மூன்று நாள் கருவாட்டோடு கருவாடாகக் காயவைத்துக் கொண்டுவந்தார்.

"காக்கா கொத்தாம கூடவே உக்காந்திருந்தேன். இப்பம் போடுங்க."

கேசட் ஓட்டுகிற டெக் ரிப்பேர் என்றேன். கேசட்டை என்னிடமே கொடுத்துவிட்டுப் போனார். அப்புறம் ஞாயிற்றுக்கிழமைதோறும் பூசை முடிந்ததும் வந்து, டெக் சரியாயிட்டா என்று கேட்பார். நான் உதட்டைப் பிதுக்குவேன். கொஞ்ச நாளில் வருவதை நிறுத்திவிட்டார்.

செட்டாப் பாக்ஸ் வந்ததும் சேனல் படுத்துவிட்டது. அண்ணாச்சியும் போய்ச் சேர்ந்தார். துணிக்கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் விற்கிறார்கள்.

காயலான் கடையில் அந்தக் கேசட்டின் மூடியைத் திறந்தேன். கடல் மணல் உதிர்ந்தது. அப்போதுதான் மண்டையில் உறைத்தது. சடங்கு வீடியோ பேட்டியைவிடக் குறைந்த நேரம் ஓடியிருந்தால், அது முடிகிற இடத்தில் ரூபன் பேச்சு கொஞ்சம் மிச்சம் இருக்கும். தினமும் கேசட் அழித்தவனுக்கு இது தெரியாதா? குட்டு உடைந்துவிடும் என்ற பயத்தில் ஒரு தடவைகூட ஓட்டிப் பார்க்கவில்லை, பாவி.

ஒரு வாரமாக ஊரெல்லாம் டெக் தேடுகிறேன். ஒன்று அகப்பட்டது, ஓடவில்லை. "அதுக்கு இப்பம் சாமானே வாரதில்ல அண்ணாச்சி" என்கிறார் ரிப்பேர்க் கடைக்காரர்.

ரூபன் வீட்டுத் தெரு எனக்குத் தெரியும். அந்த அம்மா இருக்கிறாரா என்று இன்னும் விசாரிக்கவில்லை. இருந்து, கேட்டால், டெக் சரியாகவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். இப்போது அது உண்மை.